பாலும் ரொட்டியும் தின்ற ஆமைகள்

ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆமை வாயைத் திறக்கவில்லை.

மாரிகுப்பத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். தோளில் கைப்பை, கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை, கையில் தண்ணீர் சொட்டும் ஒரு பிடி அருகம்புல். எதிரே, அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்த மாதிரி அந்தப் பெரிய ஆமை.

புல்லை அதன் மூக்குக்கு நேரே ஆட்டினேன். ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல் ஒரு மூச்சு விட்டது.

"துன்னேன். எனக்கு வண்டி பூடும்."

சமையலறை வாசலில் அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் என்னோடு பேசுவதை நிறுத்திச் சில நாட்கள் ஆகியிருந்தன. அன்று காலை பேசினாள்.

"அத்த பட்னி போட்டு சாவடிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

புல்லை அங்கேயே போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். எங்கள் ஊரில்தான் வண்டி புறப்படும் என்பதால் எப்போதும் ஜன்னலோர இடம் கிடைக்கும். அன்றும் கிடைத்தது. உட்கார முடியவில்லை. பங்காருப்பேட்டை வரை கதவோரமாக நின்றுகொண்டே போனேன்.

தக்காளி கிரேட்டில் வந்தவை

அக்காவின் பெயர் மாயா. எங்கள் தாத்தா, எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த காலத்திலேயே புத்த மதத்துக்கு வந்தவர். அதனால் வீட்டில் பெண்களுக்கு மாயா, கௌதமி என்று பெயர். புத்தரின் கதையில் மாயா கண்ணை மூடிய பிறகு குழந்தையைக் கௌதமி வளர்த்தாள். எங்கள் வீட்டில் அது தலைகீழ். அம்மா சீக்கிரம் போய்விட்டாள். மாயாதான் கௌதமியாகிய என்னை வளர்த்தாள்.

நான் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் என்பது இந்தப் பக்கங்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அக்காவும் பெங்களூரில்தான் இருந்தாள். ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியை ஒருவரின் வீட்டில் தங்கி அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அக்கா அவரை மேடம் என்பாள். முதலில் சமையலில் கூடமாட உதவி, பிறகு கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போவது, கடைசி வருடங்களில் படுக்கையிலேயே எல்லாம். மேடத்தின் ஒரே மகள் நித்யா வெளிநாட்டில் இருந்தாள்.

மேடம் இறந்த பிறகு வீட்டை விற்றார்கள். நித்யா வந்து சாமான்களை உறவினர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாள். பீரோவுக்கு ஆள் இருந்தது, தையல் மெஷினுக்கு ஆள் இருந்தது. தோட்டத்தில் இருந்த இரண்டு ஆமைகளை யாரும் கேட்கவில்லை. அக்கா கேட்டாள்.

ஒரு சாயங்கால ரயிலில், ஆமைகளை வைத்த தக்காளி கிரேட்டை மடியில் ஏந்தியபடி அவள் என்னோடு வந்ததை நான் மறக்கவே மாட்டேன். எதிர்ப் பெஞ்சில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா இது, கொழம்புக்கா?" என்றார். அக்கா கிரேட்டின் மேல் துண்டை இழுத்து மூடினாள். இறங்கும் வரை அவர் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாளே தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. ஆமை வளர்த்தால் போலீஸ் வரும் என்றார்கள். நம் பக்கத்துக் காடுகளில் திரியும் நட்சத்திர ஆமையைப் பிடித்து வைத்தால் வரத்தான் செய்யும். இவை ஆப்பிரிக்க இனம். மேடம் வீட்டார் முறையாகப் பதிவு செய்து, அக்கா பெயருக்கு மாற்றியும் கொடுத்திருந்தார்கள். கேட்பவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலித்தது. அக்கா யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. பெரியதைப் பெருசு என்றாள், சிறியதைச் சின்னது என்றாள். அவற்றுக்குச் சாப்பாடு வைக்கும்போது மட்டும் அவள் முகம் தெளிந்திருக்கும்.

படத்தில் தெரிந்தது

காலையில் பாலில் ஊறவைத்த ரொட்டி. மத்தியானம் தயிர் சோறு, இல்லாவிட்டால் வாழைப்பழம். சாயங்காலம் நாங்கள் டீ குடிக்கும்போது அவற்றுக்கும் ஆளுக்கு ஒரு பிஸ்கட். தட்டுச் சத்தம் கேட்டால் போதும், பெருசு கல்லில் இடித்துக்கொண்டு ஓடிவரும். ஆமை ஓடும் என்று நான் அதற்குமுன் நம்பியதில்லை.

எனக்கு எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது. சுவரில் படம் கோணலாக மாட்டியிருந்தால், அடுத்தவர் வீடானாலும் எழுந்துபோய்ச் சரிசெய்துவிட்டு வருகிறவள் நான். அந்த ஆமைகளின் ஓடு என்னைத் தூங்கவிடவில்லை. ஒவ்வொரு கட்டமும் குழிப்பணியாரம்போல் மேடு தட்டியிருந்தது. சின்னது நடக்கும்போது வயிறு தரையில் உரசியது. கால்கள் இருந்தன, தூக்கி நடக்கப் பலம் இல்லை.

"வயசான கழுதைங்க, அப்டித்தான் இருக்கும்," என்றாள் அக்கா. அவை வயதானவை அல்ல. அந்த இனம் மனிதரைவிட அதிகம் வாழும் என்று எங்கோ படித்திருந்தேன். நச்சரித்து, நச்சரித்து, ஒரு விடுமுறை நாளில் அவளையும் கிரேட்டையும் பெங்களூருக்கு இழுத்துப்போனேன். ஊர்ந்து செல்லும் பிராணிகளுக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டு வைத்திருந்தேன். இளம்பெண். பேச்சில் அவசரமில்லை.

சின்னதை எக்ஸ்ரே எடுத்தார். திரையில் படம் வந்ததும், அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. வெள்ளையாகத் தெரியவேண்டிய எலும்பு புகைபோல் இருந்தது.

எனக்கு இந்தப் படங்களோடு பழக்கம் ஏற்பட்டது பள்ளிக்கூட நாட்களில். அப்பா சுரங்கத்தில் ஆழமான லெவல்களில் வேலை செய்தவர். அவருடைய நெஞ்சுப் படத்தை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து அலமாரி மேல் வைத்திருந்தார்கள். நான் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில், பாறைத் தூசி ஏறிய வெள்ளைப் புள்ளிகள். அப்பா பின்னால் வந்து நின்று, "மழ பேயற மாதிரி இல்ல?" என்று சிரித்தார். அன்றிலிருந்து எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் இருக்கக்கூடாத நிறத்தைத்தான் தேடுவேன். ஆமையின் படத்திலும் அதைத்தான் தேடினேன்.

"என்ன சாப்பாடு போட்றீங்க?" என்றார் டாக்டர்.

அக்கா பெருமையாகச் சொன்னாள். டாக்டர் கோபப்படவில்லை.

"இதுங்க புல்லு திங்கிற ஜாதிம்மா. ஒரு மாடுன்னு நெனச்சுக்கோங்க. புல்லுதான் சோறு. கூட செம்பருத்தி, மல்பெரி, கள்ளி, எந்தத் தழை கெடைக்குதோ அதை மாத்தி மாத்திப் போடுங்க. ஒரே தழை தெனமும் வேணாம். ரொட்டி, சோறு, பிஸ்கட் கூடாது. பழத்தையும் விட்டுடணும்."

"பால்ல சத்து இல்லியா டாக்டர்? எலும்புக்குப் பால்தானே சொல்வாங்க?"

"முட்டைலேர்ந்து வெளிய வந்த நாள்லேர்ந்து தானே மேயற பிராணி. அதுக்குப் பால் செரிக்காது. வெயில்ல விடுங்க. நான் மருந்து தரேன். ஒரேயடியா மாத்தாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா."

பிறகு பெருசின் ஓட்டைத் தடவிக் காட்டினார். "நடுவுல பாருங்க, இது சின்ன வயசு ஓடு. சமமா இருக்கு. அப்போ யாரோ நல்லா தழை போட்டிருக்காங்க. இந்த மேடெல்லாம் அப்புறமா வந்தது."

"அது மேடம் நடமாடிக்கினு இருந்த காலம்க்கா," என்றேன். கணக்குக்கு விடை கண்டுபிடித்த குழந்தையின் உற்சாகம் எனக்கு. "தோட்டத்துல அவங்களே பறிச்சுப் போட்டிருப்பாங்க. அவங்க படுத்தப்புறம்தான்..."

அக்காவுக்கு மீதி புரிந்துவிட்டது. மேடம் படுத்த பிறகு ஆமைகளுக்குச் சாப்பாடு வைத்தவள் அவள்.

திரும்பும் வழியில் ரயில் பெங்களூரைத் தாண்டியது. அக்கா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "மேடத்துக்கு வேற ஒண்ணியும் எறங்கல. பாலும் ரொட்டியும்தான். மிச்சத்த இதுங்களுக்கு வெச்சேன். ஆசையா துன்னுச்சுங்க."

அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. ஆமைத் தட்டை என் கட்டிலின்மேல் கொண்டுவந்து வைத்துவிட்டாள். இனி நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம்.

புல் எங்கே அறுப்பது?

வேறு ஊர்க்காரர்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. எங்கள் ஊரில் இருக்கிறது. சுரங்கத்திலிருந்து தங்கத்தை எடுத்துக்கொண்டு மீதி மண்ணைக் கொட்டி மலையாக்கியிருக்கிறார்கள். சயனைடு கலந்த மண். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதன்மேல் ஏறிப் படம் பிடித்துக்கொள்வார்கள். காற்றுக் காலத்தில் அதன் தூள் எங்கள் சோற்றில் விழும். சின்ன வயதில் எங்கள் வீட்டு வரிசையில் ஒருவர் வளர்த்த வெள்ளாடு, அந்த மண்மேட்டடியில் தேங்கிய தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து எங்கள் வாசலிலேயே விழுந்து செத்தது. ஆகவே புல் பச்சையாக இருக்கிறதே என்று அறுத்துவிட முடியாது.

டியூட்டி முடிந்து வந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். மேட்டுக்குத் தூரமாக, காற்று எதிர்த்திசையில் அடிக்கிற இடமாகத் தேடி, ஊரின் மறுகோடியில் இருக்கும் பாலகாட் பக்கம் வரை போனேன். ஒரு வேலியில் நல்ல சப்பாத்திக்கள்ளி இருந்தது. இன்னொரு இடத்தில் அருகு படர்ந்திருந்தது, ஆனால் பக்கத்திலேயே அரளி. அதன் ஒரு இலை கலந்துவிட்டாலும் ஆமை பிழைக்காது. உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தேன். ஆண்டர்சன்பேட்டை நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை வாங்கினேன். கணவாயின் ஓடுதான் அது. வெள்ளையாக, நொறுங்கலாக இருக்கும். சுண்ணாம்புச் சத்துக்குத் தழைமேல் சீவிப் போடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "யாருக்கும்மா, காதுல சீழா?" என்றார் கடைக்காரர். "ஆமைக்கு," என்றேன். பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மல்பெரிக்கு வழி கிடைத்தது ரயிலில். பங்காருப்பேட்டையில் ஏறும் முனிராஜு எங்கள் பெட்டியில் நெடுநாள் பழக்கம். வீட்டில் பட்டுப்புழு வளர்ப்பவர்கள். அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், பூச்சிமருந்து அடித்த இலையா என்று.

"நம்ம சொப்புக்கா? மருந்து அடிச்சா புழுவே செத்துப்போவுமே!" என்று சிரித்தார். சொப்பு என்றால் கன்னடத்தில் தழை. அவர் தம்பி ஆண்டர்சன்பேட்டைக்குத் தினமும் பால் கொண்டுவருகிறவர். அடுத்த நாளிலிருந்து பால் கேனோடு ஒரு கட்டு மல்பெரி இலையும் எங்கள் வீட்டு வாசலில் இறங்கியது.

எல்லாம் இருந்தது. புல், கள்ளி, செம்பருத்தி, மல்பெரி, கடல்நுரை. தின்ன மட்டும் ஆளில்லை. ரொட்டியை ஒரே நாளில் நிறுத்தியிருந்தேன். பெருசு தழைக் குவியலின்மேல் ஏறி நடந்து அந்தப் பக்கம் போனது. சின்னது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் பின்கட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். வேலையில் ஒரு நோயாளியை வலது கைக்குப் பதில் இடது கையை வைக்கச் சொல்லிவிட்டு, அவர் திருத்திய பிறகுதான் சுதாரித்தேன்.

அந்த நாட்களில் ஒன்றுதான் நான் முதலில் சொன்ன காலை.

அக்காவின் தட்டு

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது பின்கட்டில் பேச்சுக் குரல் கேட்டது. அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் டப்பில் பெருசு. பக்கத்தில் அந்த ஆமைத் தட்டு. அதில் மல்பெரி இலையைப் பொடிப்பொடியாக நறுக்கி, நகத்தளவு வாழைப்பழத்தைப் பிசைந்து தடவியிருந்தாள்.

நான் பையைக்கூடக் கழற்றவில்லை. "பழம் கூடாதுன்னு..."

"டாக்டர் சொன்னதுல நீ பாதிதான் கேட்ட. கொஞ்சம் கொஞ்சமான்னு அந்தப் பொண்ணு சொல்லல? உனக்குத்தான் எல்லாம் இன்னிக்கே ஆவணும்."

பெருசைத் துடைத்துத் தரையில் விட்டாள். அது தட்டுக்குப் போனது. முகர்ந்தது. பழத்தை நக்கப் போய் இலையையும் சேர்த்துக் கடித்தது. இன்னொரு வாய். அக்கா என்னைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள், கடல்நுரையைக் கொடு என்று.

நாளாக ஆக பழம் குறைந்தது, இலை பெரிதானது. பிறகு பழமே இல்லை. திங்கட்கிழமை புல் என்றால் மறுநாள் செம்பருத்தி இலை கலந்து, அடுத்த நாள் கள்ளியை அடுப்பில் காட்டி முள்ளைப் பொசுக்கி. பெருசு வாசனையிலேயே பேதம் கண்டுபிடித்தது. மேய்கிறபோது கால்களை ஊன்றிப் புல்லைப் பிய்த்து இழுக்கும். முதல்முறை அதைப் பார்த்தபோது அக்கா என் தோளில் ஒரு அடி வைத்தாள். பேச்சு திரும்பிவிட்டது.

சின்னது அப்படி வரவில்லை. அதற்கு ஆசை இருந்தது. இலையைக் கடிக்கப் போகும், தாடை ரப்பர்போல் வளையும், இலை நழுவிவிடும். அக்கா தழையை அம்மியில் அரைத்து வழித்து விரலில் தொட்டு வாயில் வைப்பாள். மருந்துச் சொட்டு விடுவாள். மறுபடியும் டாக்டரிடம் போனோம். அவர் ஊசி போட்டார், நம்பிக்கை சொல்லவில்லை. அந்த வாரங்களில் நான் ரயிலில் இருந்தபடி வீட்டுக்கு எத்தனை முறை போன் செய்தேன் என்று தெரியாது. "இப்பத்தான வெச்ச போன?" என்று அக்கா அதட்டுவாள்.

காற்றுக் காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயிலில் விட்ட இடத்திலேயே சின்னது இறந்துபோனது. தூங்குகிறது என்று நினைத்து அக்கா அதன்மேல் நிழல் விழாமல் ஒதுங்கித் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான்தான் தொட்டுப் பார்த்தேன்.

அக்கா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஊரே கேட்கிற மாதிரி ஓர் அழுகை. "போயிட்டீங்களே... என்ன வுட்டுட்டுப் போயிட்டீங்களே..."

ஆமையிடம் யாரும் மரியாதை போட்டுப் பேசுவதில்லை. மேடம் இறந்த அன்று நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் அக்கா காப்பி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்து அழுவதற்கு அந்தக் கூடத்தில் இடம் இருக்கவில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழுது முடியும்வரை எழுந்திருக்கவில்லை. சுவரோரம் குழி தோண்டிப் புதைத்தோம்.

வெளிநாட்டுப் போன்

அதன் பிறகு நித்யாவிடமிருந்து போன் வந்தால் அக்கா எடுப்பதில்லை. வழக்கமாக மாதத்துக்கு ஒருமுறை வீடியோவில் கூப்பிட்டு ஆமைகளைக் காட்டச் சொல்வாள். அக்கா திரையில் பெயரைப் பார்ப்பாள், போனைக் கவிழ்த்து வைப்பாள். மணி அடித்து அடித்து நிற்கும். ஒருமுறை நான் கேட்டேன்.

"நான் வேணா சொல்லட்டுமா?"

"நீ ஒண்ணியும் சொல்ல வேணாம்."

ஒரு காலை நான் பின்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அக்கா கள்ளி நறுக்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். எடுத்துவிட்டாள்.

"மாயாக்கா! எத்தனை வாட்டி கால் பண்ணேன்! உடம்புக்கு ஒண்ணும் இல்லியே? ரெண்டு பேரும் எங்க, காட்டுங்க."

அக்கா போனைத் திருப்பிப் பெருசைக் காட்டினாள்.

"அட, சூப்பரா நடக்கறானே! சின்னவன் எங்க?"

"சின்னது பூட்ச்சும்மா," என்றாள் அக்கா. பிறகு நிறுத்தாமல் சொன்னாள். "நான் குடுத்த சாப்பாட்டாலதான். பாலும் ரொட்டியும் அதுங்களுக்கு செரிக்காதாம். எனக்குத் தெரில. மேடம் படுத்தப்புறம் நான்தான் அதையே குடுத்துக்கினு இருந்தேன். எலும்பு எல்லாம் கரைஞ்சி பூட்ச்சு."

நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன். மறுபடி எடுத்தேன்.

"அக்கா," என்றாள் நித்யா. குரல் மெதுவாக வந்தது. "நான் கடைசியா லீவுல வந்தேன் இல்ல, அப்போ அம்மாவுக்கு நான் ஸ்பூன் நீட்டினா வாயை மூடிட்டாங்க. நர்ஸ் ட்ரை பண்ணாங்க, அவங்களுக்கும் அப்படித்தான். நீங்க வந்து உக்காந்தா மட்டும் சாப்பிட்டாங்க. அவங்க பட்டினியா போகல. ஆமைக்கு நீங்க என்ன குடுத்தீங்கன்னு நான் எப்படி உங்களக் கேப்பேன்?"

திரையில் நித்யா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இருங்கம்மா," என்றாள் அக்கா. "இது துன்றத்த பாருங்க."

போனைத் துவைக்கிற கல்லில் சாய்த்து வைத்தாள். முன்னால் நாலைந்து செம்பருத்திப் பூக்களைப் போட்டாள். பெருசு வந்தது. பூவைக் கடித்து இழுத்தது. கடுக் கடுக்கென்று அது மெல்லும் சத்தத்தை நாங்கள் மூவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நித்யா செம்பருத்தி நிறத்தில் சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். பூக்கள் தீர்ந்ததும் பெருசு தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தது. கழுத்தை நீட்டிக்கொண்டு இரண்டடி வைத்தது. போனின் மூலையை வாயால் கவ்விவிட்டது.

"ஐயோ அக்கா, என்னைக் கடிக்கறான்!" நித்யா அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள்.

அக்கா பாய்ந்து போனைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய், வுடு! வுடு சொல்றேன்! அது உனக்கு ஆவாது!"